முதலாளியை விசாரித்த அறிக்கை

பணியிடம் ஒன்றில் மேலாளர் ஒருவர் வரம்பு மீறி நடந்துகொண்டால், பாதிக்கப்பட்டவர் அவருக்கு மேலுள்ளவரிடம் முறையிடலாம். அவரும் காதுகொடுக்க மறுத்தால் நிறுவனத்தின் தலைமையையே அணுகலாம். புகார் என்பது கீழிருந்து மேலாக ஏறிச் செல்லக்கூடியது என்ற நம்பிக்கையின் மீதுதான் இன்றைய நிறுவனங்களின் ஒழுங்குமுறைகள் அனைத்தும் எழுப்பப்பட்டுள்ளன. ஆனால், புகாருக்கு உள்ளானவர் நிறுவனத்தின் உரிமையாளராகவே இருக்கும்போது, புகாரைப் பதிவுசெய்யும் மனிதவளத் துறை அலுவலர், அதை ஆராயும் அதிகாரி, நடவடிக்கை எடுக்க வேண்டிய நிர்வாகி ஆகிய அனைவரும் அவரிடமே சம்பளம் பெறுபவர்களாக இருப்பதால், அந்த ஒழுங்குமுறை முழுவதும் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தலைநகரான ஃபீனிக்ஸில், தொழில்முறைக் கூடைப்பந்து அணியான ஃபீனிக்ஸ் சன்ஸின் உரிமையாளர் ராபர்ட் சார்வர் மீது 2021-22இல் நடந்த விசாரணை, இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழி உண்டா என்பதைச் சோதித்துப் பார்த்த ஒன்றாகும். அந்த விசாரணையின் முடிவில் விதிக்கப்பட்ட தண்டனையை விட, அது கண்டறிந்தவற்றை எழுத்தில் வடித்து எவரும் படிக்கும்படி வெளியிட்டதே பெரிய விளைவை உண்டாக்கியது என்பது அதன் வரலாற்றைப் பின்தொடர்பவர்களுக்குப் புலப்படும்.

அணியும் அதிகாரமும்

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அணி என்பது ஒரு தனியார் சொத்து. என்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கூடைப்பந்துக் கழகம், 30 அணிகளின் உரிமையாளர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்பாகும். ஒவ்வோர் அணியின் சார்பிலும் ஒருவர், பெரும்பாலும் அதன் முதன்மை உரிமையாளர், கழகத்தின் ஆளுநர் குழுவில் இடம்பெறுகிறார். இங்கே ஆளுநர் என்பது அரசுப் பதவியைக் குறிக்காமல், அணியின் சார்பில் வாக்களிக்கும் உரிமையுள்ள பிரதிநிதியைக் குறிக்கிறது. கழகத்தை அன்றாடம் நிர்வகிக்கும் ஆணையரை நியமிப்பதும் அவருக்கு ஊதியம் வழங்குவதும் இந்த உரிமையாளர்களே என்பதால், உரிமையாளர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கும் ஆணையர், தம்மைப் பணியில் அமர்த்தியவர்களுள் ஒருவர் மீதே நடவடிக்கை எடுக்க வேண்டியவராகிறார்.

வங்கித் தொழிலில் பெயர்பெற்ற சார்வர், 2004ஆம் ஆண்டில் தம் பங்குதாரர்களுடன் சேர்ந்து சன்ஸ் அணியை ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கினார். அதே நிர்வாகத்தின்கீழ் ஃபீனிக்ஸ் மெர்குரி என்னும் பெண்கள் அணியும் வந்தது. அவர் நேரடியாக வைத்திருந்த பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியதுதான் என்றாலும், நிர்வாகப் பங்குதாரர் என்ற நிலை அவருக்கு அணியின் மீது ஏறக்குறைய முழுமையான ஆளுகையைத் தந்தது. பெரும்பங்கு பிறரிடம் இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை ஒருவரிடம் குவிந்திருக்கும் இந்த அமைப்பே, பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்வதற்கான முதல் திறவுகோல் ஆகும்.

இரண்டாவது திறவுகோல், அணி என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கும் இரு வேறு மனிதக் கூட்டங்கள். ஒரு புறம், கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வீரர்கள்; அவர்களுக்கு வலிமையான சங்கமும், முகவர்களும், எழுதிய ஒப்பந்தங்களும் துணையாக உள்ளன. மறுபுறம், நுழைவுச்சீட்டு விற்பவர்கள், விளம்பரதாரர்களைத் தேடிப் பிடிப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், விழாக்களை ஏற்பாடு செய்பவர்கள் எனத் திரைக்குப் பின்னால் உழைக்கும் நூற்றுக்கணக்கான அலுவலக ஊழியர்கள். வீரர் சங்கத்தின் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. விளையாட்டுத் துறையில் நுழைய ஆசைப்படும் இளைஞர்கள் வெளியே வரிசையில் காத்திருக்கிறார்கள் என்பதையும், ஓர் உரிமையாளரின் அதிருப்தி அந்தச் சிறிய உலகம் முழுவதிலும் தம் பெயரைக் கெடுத்துவிடக்கூடும் என்பதையும் இவர்கள் நன்கு அறிந்திருப்பதால், வாய் திறக்காமல் இருப்பதே இவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. சார்வர் விவகாரத்தில் துன்பத்தைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

செய்தியிலிருந்து விசாரணைக்கு

2021 நவம்பர் 4 அன்று ஈ.எஸ்.பி.என். ஊடக நிறுவனம் வெளியிட்ட நீண்ட புலனாய்வுக் கட்டுரை, சார்வரின் 17 ஆண்டுக்கால நிர்வாகத்தில் இனவெறிச் சொற்களும் பெண்களை இழிவுபடுத்தும் பேச்சும் பணியிடத்தில் புழங்கியதாகக் குற்றம் சாட்டியது. அக்கட்டுரையை எழுதிய செய்தியாளர் பாக்ஸ்டர் ஹோம்ஸ், அந்நாள் ஊழியர்கள், முன்னாள் ஊழியர்கள் என எழுபதுக்கும் மேற்பட்டோரிடம் பேசியிருந்தார். சார்வரும் அணி நிர்வாகமும் குற்றச்சாட்டுகளை வன்மையாக மறுத்தனர். சில மாதங்களுக்கு முன்புதான் சன்ஸ் அணி பட்டத்துக்கான இறுதித் தொடர் வரை சென்று மில்வாக்கி பக்ஸ் அணியிடம் தோற்றிருந்தது. 2010க்குப் பிறகு அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுக்கு முன்னேறியிருந்த அணி, அடுத்து வந்த பருவத்தில் 64 ஆட்டங்களில் வென்று கழகத்திலேயே முதலிடம் பிடித்தது. ஆடுகளத்தில் கிட்டிய இந்த வெற்றி, அலுவலகத்தில் நடந்தவற்றைப் பொதுமக்கள் மறந்துபோவதற்குப் போதுமான காரணமாக அமைந்திருக்கக்கூடும். அவ்வாறு நேராமல் தடுத்தது விசாரணை.

கட்டுரை வெளியானதும், நியூயார்க்கைச் சேர்ந்த வாக்டெல், லிப்டன், ரோசன் அண்ட் கட்ஸ் என்ற சட்ட நிறுவனத்தைக் கழகம் விசாரணைக்காக அமர்த்தியது. இத்தகைய விசாரணையைச் சுயேச்சை விசாரணை என்று அழைப்பது வழக்கம். விசாரிக்கப்படும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவர்கள் உண்மையைத் தேடுகிறார்கள் என்பதே அச்சொல்லின் பொருளாகும். இருப்பினும் அது நீதிமன்ற விசாரணை ஆகாது. சாட்சிகளை ஆணையிட்டு வரவழைக்கும் அதிகாரமோ, பொய் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரமோ வழக்கறிஞர்களுக்கு இல்லை. அவர்களை அமர்த்தியதும் அவர்களுக்குக் கட்டணம் செலுத்துவதும், விசாரிக்கப்படுபவர் உறுப்பினராக உள்ள கழகமே. ஆகவே இத்தகைய விசாரணையின் நம்பகத்தன்மை சட்டத்தின் வலிமையிலிருந்து பிறப்பதில்லை. எத்தனை பேரிடம் பேசினார்கள், ஒருவர் சொன்னதை மற்றொருவர் கூற்றுடனும் அக்காலத்துக் கடிதங்களுடனும் எவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கண்டறிந்ததை எவ்வளவு வெளிப்படையாக எழுதினார்கள் என்பவற்றிலிருந்தே பிறக்கிறது.

அந்த அளவுகோலின்படி ஃபீனிக்ஸ் விசாரணை விரிவானதாகவே இருந்தது. ஏறத்தாழ பத்து மாதங்களில் 320 பேரிடம் நேர்காணல் நடத்தப்பட்டது; மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள், காணொளிகள் உட்பட 80,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் ஆராயப்பட்டன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறையில் பேசப்பட்ட ஒரு வாக்கியத்தை இன்று மெய்ப்பிப்பது எளிதன்று என்பதால், ஒரே நிகழ்வைப் பற்றித் தனித்தனியே பேசிய பலரின் நினைவுகள் எங்கே ஒன்றுபடுகின்றன என்று பார்ப்பதே இத்தகைய பணியின் அடிப்படை முறையாகும். அனைத்தும் 43 பக்க அறிக்கையாகத் தொகுக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 13 அன்று பொதுமக்கள் படிப்பதற்காக வெளியிடப்பட்டது.

அறிக்கை கண்டறிந்தவை

கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதற்காக அடிமை முறைக் காலத்திலிருந்து புழங்கிவரும், அமெரிக்கச் செய்தித்தாள்கள் முதலெழுத்தால் மட்டுமே குறிப்பிடும் சொல்லைச் சார்வர் குறைந்தது ஐந்து முறை பயன்படுத்தினார் என்பது அறிக்கையின் முதன்மையான முடிவுகளில் ஒன்று. அந்த ஐந்து தருணங்களிலும் அவர் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதாகவே அச்சொல்லை உச்சரித்தார் என்றும் அறிக்கை நேர்மையுடன் பதிவுசெய்கிறது. ஆயினும், பிறர் கூற்றாகச் சொல்லும்போதும் அச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று அவரது ஊழியர்களே அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தனர். அதன் பிறகும் அவர் அதைத் தொடர்ந்தார். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வீரர்கள் கறுப்பினத்தவராக உள்ள ஒரு விளையாட்டில், தம் கீழ் உள்ளவர்கள் துணிந்து சொன்ன அறிவுரையைப் பொருட்படுத்தாமல் இருக்கும் வசதி ஒருவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

பெண் ஊழியர்கள் தொடர்பான முடிவுகள் இன்னும் அன்றாடத் தன்மை கொண்டவை. அதனாலேயே அவை ஆழமாக உறுத்துகின்றன. பாலியல் சாயல் கொண்ட பேச்சுகள், பெண்களின் தோற்றத்தைப் பற்றிய கருத்துரைகள், ஆண்களிடமிருந்து வேறுபட்ட நடத்துமுறை ஆகியவற்றை அறிக்கை வரிசைப்படுத்துகிறது. கருவுற்றிருந்த ஊழியர் ஒருவரிடம், தாயான பிறகு அவரால் அந்த வேலையைச் செய்ய இயலாது என்று சார்வர் கூறினார். மற்றொரு பெண்ணைப் பலர் முன்னிலையில் கடிந்து பேசிவிட்டு, பெண்கள் அளவுக்கு மீறி அழுகிறார்கள் என்று கருத்துத் தெரிவித்தார். அதைத் தொடர்ந்து, பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் மதிய உணவு ஒன்று அவரது ஏற்பாட்டில் நடந்தது. அவர் தலைமை வகித்த வங்கியில் பணிபுரிந்து அவரது இயல்பைப் பழகியிருந்த பெண்கள் தரப்பிலிருந்து, அவரது எதிர்பார்ப்புகளை எவ்வாறு சமாளிப்பது என்று சன்ஸ் அணியின் பெண் ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்வதே அந்த விருந்தின் நோக்கமாக இருந்தது.

அந்த உணவு மேசையைச் சற்று நின்று கவனிப்பது பயனுடையது. அது எவரையும் திட்டுவதற்காகக் கூட்டப்பட்டதன்று, ஒருவகையில் அது அக்கறையுடன் செய்யப்பட்ட ஏற்பாடு என்றுகூடச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால், பிழை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாடு தரும் விடை தெளிவானது. கடிந்து பேசியவர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அங்கு எவரும் எதிர்பார்க்கவில்லை. அழுதவர்களே தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கருதப்பட்டது. அதிகாரம் குவிந்துள்ள இடங்களில் தவறு எவ்வாறு வழக்கமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் அந்த 43 பக்கங்களில் வேறில்லை.

ஆண் ஊழியர்களும் தப்பவில்லை. அவர்களிடம் உடல்ரீதியாகப் பொருத்தமற்ற வகையில் நடந்துகொண்ட தருணங்களை அறிக்கை குறிப்பிடுகிறது; அறப்பணிக்காக நடந்த அலுவலக நிகழ்ச்சி ஒன்றில் ஓர் ஊழியரின் கால்சட்டையைச் சக ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இழுத்தது அவற்றுள் ஒன்று. கத்துதலும் வசைபாடுதலும் பாலின வேறுபாடின்றி அனைவர் மீதும் விழுந்தன. இவற்றுக்கெல்லாம் தடுப்பாக இருக்க வேண்டிய மனிதவளத் துறை திறனற்றதாகவும், ஊழியர்களின் நம்பிக்கையைப் பெறாததாகவும் இருந்தது என்பது அறிக்கையின் மற்றொரு முடிவு. புகார் செய்தால் பழிவாங்கப்படுவோம் என்ற அச்சம் ஒரு நிறுவனத்தில் பரவிவிட்டால், அங்கே புகார்ப் பதிவேடு வெறுமையாக இருப்பது நல்லொழுக்கத்தின் அடையாளமாக இருக்க முடியாது.

நோக்கமும் விளைவும்

இத்தனையையும் பட்டியலிட்ட அதே அறிக்கை, சார்வரின் நடத்தைக்கு இன வெறுப்போ பாலின வெறுப்போ உந்துதலாக இருந்தது என்ற முடிவுக்குத் தாங்கள் வரவில்லை என்றும் கூறியது. பலரையும் குழப்பிய இந்த வாக்கியத்தை விளங்கிக்கொள்ள, நோக்கம், விளைவு என்னும் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவரது உள்ளத்தில் வெறுப்பு இருந்ததா என்பதை வெளியிலிருந்து மெய்ப்பிப்பது கடினம். எச்சரிக்கையான வழக்கறிஞர்கள் தம்மால் நிறுவ இயலாததை எழுத மறுப்பது தொழில் நேர்மையின் பாற்பட்டது. ஆனால் பணியிடத்தில் நாள்தோறும் அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அவை எந்த உள்நோக்கத்திலிருந்து பிறந்தன என்பது அவற்றின் வலியைக் குறைக்கும் செய்தி ஆகாது.

அமெரிக்கச் சட்டமும் இந்த வேறுபாட்டை வேறொரு கோணத்தில் அறிந்தே வைத்துள்ளது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பணியாளரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்கிறது. 1978ஆம் ஆண்டின் திருத்தம், கருவுற்றிருத்தல் காரணமாகக் காட்டப்படும் பாகுபாட்டையும் அத்தடைக்குள் கொண்டுவந்தது. பகைமையான பணிச்சூழல் என்ற கருத்தை 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலையோ பதவி உயர்வோ பறிபோகாவிட்டாலும், பாலினத்தையொட்டிய தொல்லை ஒருவரது பணிச்சூழலையே மாற்றிவிடும் அளவுக்குக் கடுமையாகவோ தொடர்ச்சியாகவோ இருந்தால், அதுவே பாகுபாடு ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எனினும் நீதிமன்றத்துக்குச் செல்வதற்குக் கால வரம்பு உண்டு, செலவு உண்டு, பெயர் வெளிப்படும் அச்சமும் உண்டு. ஆகவே பணியிடத்தில் நடந்தவற்றுள் மிகச் சிறிய பகுதி மட்டுமே சட்டத்தின் கதவுவரை செல்கிறது. எஞ்சியவை நிறுவனங்களின் உள் விசாரணைகளையே நம்பியிருக்கின்றன.

தண்டனையின் எல்லை

அறிக்கை வெளியான அதே நாளில் என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வர் தண்டனையை அறிவித்தார். சார்வர் ஓராண்டுக் காலம் இரு அணிகளின் அலுவல்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஒரு கோடி டாலர் அபராதம் செலுத்த வேண்டும். பணியிடத்தில் மரியாதையுடன் நடந்துகொள்வது பற்றிய பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். அபராதத் தொகை, பணியிடத்திலும் வெளியிலும் இன, பாலினப் பிரச்சினைகளுக்காக உழைக்கும் அமைப்புகளுக்கு வழங்கப்படும் என்றும் கூறப்பட்டது. அணி நிர்வாகம் வெளியாரின் மதிப்பீட்டை ஏற்க வேண்டும், ஊழியர்களிடம் பெயர் வெளியிடாமல் கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும், தொல்லை பற்றிய புகார்களைக் கழகத்துக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் சேர்ந்தன.

கழகத்தின் விதிகள் அப்போது அனுமதித்த உச்ச அபராதமே ஒரு கோடி டாலர்தான். ஆனால் அந்த விதிகளை இயற்றியவர்கள் உரிமையாளர்களே என்பதையும், அணியின் மதிப்பு அப்போது பல நூறு கோடி டாலரை எட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உச்சம் எவ்வளவு தாழ்வானது என்பது விளங்கும். சார்வரின் நிலையில் ஓர் ஊழியர் இவ்வாறு நடந்திருந்தால் அவரை உடனே வேலையிலிருந்து நீக்கியிருக்க மாட்டார்களா என்று செய்தியாளர்கள் கேட்டபோது, அணியைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ஊழியருக்கு இல்லாத சில உரிமைகள் உண்டு என்றும், ஒருவரது அணியைப் பறிப்பது மிகவும் சிக்கலான நடைமுறை என்றும் சில்வர் விளக்கமளித்தார். சட்ட நோக்கில் அது பிழையான விடை அல்ல. கழகத்தின் அமைப்பு விதிகளின்படி, ஆளுநர் குழுவில் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 30 பேரில் 23 பேர் வாக்களித்தால்தான் ஓர் உரிமையாளரை வெளியேற்ற முடியும். ஆனால் அந்த விடை, ஒரே தவறுக்கு ஊழியருக்கு ஒரு நீதியும் உடைமையாளருக்கு வேறொரு நீதியும் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதாகவும் அமைந்தது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே சில்வர் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தார். 2014 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் கறுப்பினத்தவரைப் பற்றி இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானபோது, நான்கே நாட்களில் அவருக்கு வாழ்நாள் தடையும், அக்காலத்து உச்ச அபராதமான 25 லட்சம் டாலரும் விதிக்கப்பட்டன. அந்த ஒலிப்பதிவை உலகமே தன் காதால் கேட்டிருந்தது. வீரர்கள் ஆட்டத்தைப் புறக்கணிக்கும் நிலைக்கு வந்திருந்தனர். ஃபீனிக்ஸில் அத்தகைய ஒலிப்பதிவு எதுவும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளில் சிதறிக் கிடந்த நிகழ்வுகள் மட்டுமே இருந்தன. ஒரு தவறு எவ்வளவு கொடியது என்பதைவிட, அது எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதே தண்டனையின் அளவைத் தீர்மானித்துவிடும் ஆபத்தை இவ்விரு நிகழ்வுகளும் அருகருகே வைத்துக் காட்டுகின்றன.

எட்டு நாட்கள்

ஆயினும் விவகாரம் அந்த அறிவிப்புடன் முடியவில்லை. அறிக்கை இணையத்தில் கிடைத்ததால், தண்டனை போதுமா என்று மதிப்பிடும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் வந்தது. மறுநாளே நட்சத்திர வீரர் லீப்ரான் ஜேம்ஸ், கழகம் தவறான முடிவை எடுத்துவிட்டது என்று பகிரங்கமாக எழுதினார். சன்ஸ் அணிக்காகவே ஆடிக்கொண்டிருந்தவரும் வீரர் சங்கத்தின் முன்னாள் தலைவருமான கிறிஸ் பால், தம் முதலாளியைப் பற்றிய அறிக்கையைப் படித்து அதிர்ச்சியுற்றதாகவும், தண்டனை போதாது என்றும் சொன்னார். வீரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநர் டமிக்கா டிரமாலியோ வாழ்நாள் தடை வேண்டும் என்றார். அணியின் துணைத் தலைவரும் பங்குதாரருமான ஜாம் நஜாஃபி, சார்வர் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அணியின் சட்டையில் தன் சின்னத்தைப் பொறித்திருந்த பேபால் நிறுவனம், சார்வர் நீடித்தால் விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

அறிக்கையின் சில விவரங்களை ஏற்கவில்லை என்றாலும் தம் சொற்களுக்கும் செயல்களுக்கும் மன்னிப்புக் கோருவதாக முதலில் கூறியிருந்த சார்வர், செப்டம்பர் 21 அன்று, இரு அணிகளையும் விற்பதற்கான பணியைத் தொடங்குவதாக அறிவித்தார். அந்த ஓராண்டை மனம் திருந்துவதற்கான காலமாகக் கொள்ள விரும்பியதாகவும், மன்னிக்க மனமில்லாத இன்றைய சூழலில் அது இயலாது என்பது தெளிவாகிவிட்டதாகவும் அவர் குறைபட்டுக்கொண்டார். விதிகளால் செய்ய இயலாததை எட்டே நாட்களில் பொதுக்கருத்து செய்து முடித்தது. வீரர்கள், பங்குதாரர், விளம்பரதாரர் ஆகிய மூவரும் பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருந்தது என்பதே இதன் காரணம்; முந்தைய ஆண்டில் வெளியான செய்திக் கட்டுரையை மறுத்து ஒதுக்கிவிட முடிந்த நிர்வாகத்தால், கழகமே நியமித்த வழக்கறிஞர்களின் எழுத்தை அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

இதன் மறுபக்கத்தை அமெரிக்கக் கால்பந்துத் துறை காட்டியது. வாஷிங்டன் அணியின் பணியிடச் சூழல் பற்றி வழக்கறிஞர் பெத் வில்கின்சன் நடத்திய விசாரணையின் முடிவில், 2021 ஜூலையில் அந்த அணிக்கு ஒரு கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; ஆனால் எழுத்து வடிவ அறிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. தொகை இரு வழக்குகளிலும் ஒன்றுதான். ஃபீனிக்ஸ் உரிமையாளர் எட்டு நாட்களில் விலகத் தொடங்கினார். வாஷிங்டனின் உரிமையாளர் டேனியல் ஸ்னைடர் மேலும் இரண்டு ஆண்டுகள் அணியைக் கையில் வைத்திருந்தார். இடையே நாடாளுமன்றக் குழுவின் விசாரணையும், மேரி ஜோ வைட் தலைமையில் இரண்டாவது விசாரணையும் தேவைப்பட்டன. 2023 ஜூலையில் அணியின் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த நாளில்தான் அந்த இரண்டாவது விசாரணையின் அறிக்கை வெளிவந்தது. பேசியவர்களின் சாட்சியம் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்போது, அவர்கள் பேசத் துணிந்ததன் பயன் பிறரைச் சென்று சேர்வதில்லை.

எஞ்சி நிற்கும் கணக்கு

2022 டிசம்பரில், வீட்டுக்கடன் தொழிலில் ஈடுபட்டுள்ள மேட் இஷ்பியா என்பவர், சார்வரின் பங்கு முழுவதையும் உள்ளடக்கிய பெரும்பங்கை வாங்க உடன்பட்டார்; அதில் இரு அணிகளின் மதிப்பு 400 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. 2023 பிப்ரவரியில் விற்பனை நிறைவேறியது. 2004ஆம் ஆண்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ பத்து மடங்கு. ஸ்டெர்லிங் வழக்கிலும் இதுவே நிகழ்ந்தது. 1981இல் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட கிளிப்பர்ஸ், 2014இல் ஸ்டீவ் பால்மரிடம் 200 கோடி டாலருக்குக் கைமாறியது. தவறு செய்தவர் வெளியேறுகிறார், ஆனால் பெருஞ்செல்வத்துடன் வெளியேறுகிறார். துன்பப்பட்டவர்களில் பலர் பல ஆண்டுகளுக்கு முன்பே வெறுங்கையுடன் வெளியேறிவிட்டிருந்தனர். பணியிடத் தவறுக்கான விசாரணை உண்மையைக் கண்டறியும். தவறியவரை அகற்றவும் துணைபுரியலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் இழந்த பதவியையும் ஆண்டுகளையும் நலத்தையும் ஈடுசெய்யும் பொறுப்பு அதன் வரையறைக்குள் இல்லை என்பது, இந்த முறையின் மிகப் பெரிய குறையாகும்.

முன்கூட்டியே தடுக்கும் வழிகளும் பெருமளவு காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன. 2018இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணியின் அலுவலகத்தில் பெண்கள் பல ஆண்டுகளாகத் தொல்லைக்குள்ளானது வெளியானபோது, 215 பேரை நேர்காணல் செய்து ஒரு விசாரணை நடந்தது. அதன் முடிவில், பெண்களுக்காகப் பணிபுரியும் அமைப்புகளுக்கு ஒரு கோடி டாலர் வழங்க அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் உடன்பட்டார். அதே ஆண்டில், அணி ஊழியர்கள் பெயர் வெளியிடாமல் புகார் கூறுவதற்கான தொலைபேசி வசதியையும் கழகம் ஏற்படுத்தியது. ஆனால் ஃபீனிக்ஸில் நடந்தவற்றை வெளிக்கொணர்ந்தது அந்தத் தொலைபேசி அல்ல. ஊழியர்கள் ஒரு செய்தியாளரை நம்பிப் பேசியதுதான். புகார் வாயில் ஒன்றைத் திறந்து வைப்பதால் மட்டும் எவரும் அதன் வழியே வந்துவிடுவதில்லை. தமக்கு முன்னர் வந்தவர் பாதுகாப்பாகத் திரும்பினார் என்பதைக் கண்ட பின்பே அடுத்தவர் வருவார். ஆகவே, உரிமையாளர் மீதான புகாரைப் பெறும் பொறுப்பு அவரிடம் ஊதியம் பெறாதவர்களிடம் இருப்பதும், விசாரணையின் முடிவு எழுத்தில் வெளியிடப்படும் என்பது விசாரணை தொடங்கும்போதே உறுதிசெய்யப்படுவதும், பயிற்சி வகுப்புகளைவிடவும் சுவரொட்டிகளைவிடவும் முதன்மையான சீர்திருத்தங்களாகக் கருதப்பட வேண்டும்.

ஃபீனிக்ஸின் அந்த மதிய உணவில் அமர்ந்திருந்த பெண்களுக்கு, தம் முதலாளியை எவ்வாறு சமாளிப்பது என்பது கற்பிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தில் பணிபுரிந்தவர்களிடம் என்ன நடந்தது என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், கேட்டதை எழுதினார்கள், எழுதியது வெளியானது. அந்த 43 பக்கங்களில் அழுத பெண் பிழையுடையவராக இல்லை. அவரைக் கடிந்தவரின் நடத்தையே பிழை என்று அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுக்காக ஊழியர்கள் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதை, இனி இத்தகைய விதிகளை எழுத அமர்பவர்கள் மறக்கலாகாது.